டேக்டவுன் நோட்டீஸ் வந்தது, பக்கத்தை எடுத்துவிட்டேன். செய்தது சரியா?

#1 பழையவானொலி

வணக்கம் நண்பர்களே. பழைய வால்வு வானொலிகளைப் பழுது பார்ப்பவர்களுக்காகப் பதினொரு வருடமாக ஒரு தளம் நடத்தி வருகிறேன். விளம்பரம் கிடையாது, வருமானமும் கிடையாது. உறுப்பினர்கள் படம் போடுவார்கள், அளவெடுத்து எழுதுவார்கள். ஒருவர் வீட்டில் ஊமையாகக் கிடக்கும் பெட்டியை இன்னொருவர் எங்கிருந்தோ எழுதி எழுதியே பாட வைத்துவிடுவார்.

சென்ற செவ்வாய் இரவு ஒரு மெயில் வந்தது. ஒரு அமெரிக்க நிறுவனத்துக்காக அதன் முகவர் அனுப்பியது. ‘டிஎம்சிஏ அறிவிப்பு’ என்று தலைப்பு, அதாவது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி பக்கத்தை நீக்கச் சொல்லும் கடிதம். நடுவில் சட்டப் பிரிவுகள். ‘ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு’ என்று ஒரு வரி, ‘உடனே நீக்காவிட்டால் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் போவோம்’ என்று இன்னொரு வரி. கடைசியில் ஒரே ஒரு யூஆர்எல்.

அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு சர்க்யூட் வரைபடம். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கையால் வரைந்தது. கட்டம் போட்ட தாள், பென்சில் கோடுகள், வோல்ட் அளவுகள் மட்டும் சிவப்பு மையில். கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் மானுவலில் அந்த மாடலுக்கு சர்க்யூட் உண்டு, ஆனால் இரண்டு இடத்தில் தப்பாக இருக்கும். இவர் அதைத் திருத்தி வரைந்தார். அடியில் பன்னிரண்டு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பத்தே நிமிடத்தில் பக்கத்தை எடுத்துவிட்டு, ‘நீக்கிவிட்டோம், மன்னிக்கவும்’ என்று பதில் அனுப்பினேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. நான் செய்தது சரியா? மீதி இருக்கும் நாலாயிரம் பக்கங்களை என்ன செய்வது?

#2 சட்டம்படித்தவன்

முதலில் அந்த 1,50,000 டாலரைத் தள்ளி வையுங்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க முடியும். வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தால்தான் 1,50,000 வரை போகும். அதையும் தீர்மானிக்கும் இடம் நீதிமன்றம். மெயில் அனுப்புகிறவர்கள் அந்தப் பெரிய எண்ணை மட்டும் எடுத்துப் போடுவது படிப்பவர் பயந்து உடனே நீக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதுவே நடந்திருக்கிறது.

டிஎம்சிஏ 1998 அக்டோபரில் வந்த சட்டம். அதன் 512-ஆம் பிரிவை இரண்டு தரப்புக்கு இடையே நடந்த பேரமாகப் பாருங்கள். உறுப்பினர்கள் எதைப் போட்டாலும் நாங்களே பொறுப்பு என்றால் தொழிலே நடத்த முடியாது என்றார்கள் இணைய நிறுவனங்கள். ஒரு பிரதி இணையத்தில் ஏறினால் ஒரே இரவில் லட்சம் பிரதி ஆகிவிடும், ஒவ்வொன்றுக்கும் வழக்குப் போட முடியாது என்றார்கள் இசை, திரைப்பட நிறுவனங்கள். முடிவு இப்படி ஆனது: தளம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் முறையான புகார் வந்தால் தாமதிக்காமல் நீக்க வேண்டும், திரும்பத் திரும்ப மீறுகிற உறுப்பினரை வெளியேற்றும் விதியை வைத்து நடத்த வேண்டும், புகார் பெறுவதற்கு ஒரு முகவரின் பெயரை அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தால் உறுப்பினர் செய்த மீறலுக்குத் தளம் பணம் கட்ட வேண்டியதில்லை. இதைத்தான் ‘சேஃப் ஹார்பர்’ என்கிறார்கள்.

சிறு தளங்கள் தவறவிடுவது அந்தப் பதிவைத்தான். கட்டணம் 6 டாலர், 2016 டிசம்பரிலிருந்து ஆன்லைனிலேயே செய்யலாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்த நாளிலிருந்துதான் கவசம், முந்தைய நாட்களுக்கு இல்லை. உங்கள் சர்வர் அமெரிக்காவில் இருக்கிறதா? பதிவு செய்திருக்கிறீர்களா?

#3 பழையவானொலி

சர்வர் அங்கேதான் இருக்கிறது. இப்படியொரு பதிவு இருப்பதே இன்றுதான் தெரியும். இன்று மாலைக்குள் செய்துவிடுகிறேன்.

#4 ஒளிப்படக்காரி

எல்லோரும் உங்களைத் தேற்றத்தான் வருவார்கள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் பறவைகளைப் படம் எடுப்பவள். ஒரு மீன்கொத்தி தண்ணீரைத் தொடும் அந்த நொடிக்காக மூன்று விடியற்காலைகள் இடுப்பளவு நீரில் நின்றிருக்கிறேன். அந்தப் படம் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட தளங்களில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் என்னிடம் கேட்டார்கள். பெரும்பாலானவற்றில் என் பெயரை வெட்டியிருக்கிறார்கள். ஒரு தளத்தில் சரியாக வெட்டத் தெரியாமல், என் பெயரின் கடைசி எழுத்தில் பாதி மட்டும் ஓரத்தில் நிற்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

பலர் அடியில் ‘நன்றி: கூகுள்’ என்று போடுகிறார்கள். கூகுள் அந்தத் தண்ணீரில் நிற்கவில்லை. நன்றி சொல்வது அனுமதி ஆகாது, என் பெயரைச் சரியாகப் போட்டாலும்கூட ஆகாது. படத்தை எடுத்த கணமே உரிமை என்னுடையது. பதிவு செய்ய வேண்டும், வட்டத்துக்குள் ‘சி’ குறி போட வேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் கிடையாது. அந்தப் பெயரை வெட்டி எடுப்பதே அமெரிக்கச் சட்டத்தின் 1202-ஆம் பிரிவில் தனிக் குற்றச்சாட்டு, அதற்கு ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு உண்டு.

எனக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை. இந்த டேக்டவுன் நோட்டீஸ் ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு தளத்துக்கும் எழுதுகிறேன். எடுத்தால் அடுத்த வாரம் வேறொருவர் போடுகிறார், திரும்பவும் எழுதுகிறேன். ஒருமுறை நீக்கிய படம் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தச் சட்டம் எந்தத் தளத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் இந்தச் சட்டமே கொடுமை என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது.

#5 கணினித்தும்பி

> இந்த டேக்டவுன் நோட்டீஸ் ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம்

ஒளிப்படக்காரி சொல்வது முழுக்க நியாயம். பழையவானொலி, எனக்கு வேறொரு கேள்வி. அந்த சர்க்யூட்டை வரைந்தவருக்கு நீங்கள் சொன்னீர்களா?

#6 பழையவானொலி

இல்லை.

இந்தக் கேள்வியைப் படித்து அரை மணி நேரம் ஆகிறது. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முகவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், வரைந்தவருக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் தன் பக்கத்தைத் தேடிப் போயிருந்தால் ‘பக்கம் இல்லை’ என்றுதான் பார்த்திருப்பார்.

#7 சட்டம்படித்தவன்

உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரும்பாலான தளங்களில் இதுதான் நடக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தில் மிக முக்கியமான இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

512-இல் உறுப்பினருக்கும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நீக்கினால் அவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ‘இது தவறு’ என்று அவர் நினைத்தால் கவுன்ட்டர் நோட்டீஸ் கொடுக்கலாம். தளம் அதைப் புகார்தாரருக்கு அனுப்பும். புகார்தாரர் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால், 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் 14 வேலை நாட்களுக்கு மிகாமல் அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட வேண்டும். அப்படிப் போட்டால் தளத்தின் கவசம் போகாது. உறுப்பினருக்கே தெரியாவிட்டால் இந்தக் கதவு இருந்து என்ன பயன்?

உங்கள் விஷயத்தில் அவரைக் கேட்காமல் முடிவே எடுக்க முடியாது, ஏன் என்று சொல்கிறேன். பதிப்புரிமை ஒரு கருத்தையோ செயல்முறையையோ பாதுகாப்பதில்லை, அதை வெளிப்படுத்திய விதத்தைத்தான் பாதுகாக்கிறது. எந்த மின்தடை எந்த வால்வின் எந்தக் காலோடு இணைகிறது என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் உண்மை, அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதே இணைப்பை ஒரு ஓவியர் தாளில் அமைத்து வரைந்த படம் வேறு விஷயம், அந்தப் படத்துக்கு உரிமை உண்டு. உங்கள் உறுப்பினர் பெட்டியைத் திறந்து வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வரைந்தாரா, மானுவல் மேல் தாளை வைத்து வரைந்தாரா? இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். விடை அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த முகவருக்கும் தெரியாது. நோட்டீஸை மறுபடி படித்துப் பாருங்கள். ‘பொய்ச் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். அது எதைச் சொல்கிறது என்று கவனியுங்கள். உரிமையாளர் சார்பில் பேசத் தனக்கு அதிகாரம் உண்டு என்பதை மட்டும்தான் அவர் அந்தத் தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறார். இது மீறல்தான் என்பதற்கு ‘நல்லெண்ணத்துடன் நம்புகிறேன்’ என்ற அளவு போதும். உங்கள் உறுப்பினர் பதில் சொல்ல வந்தாலோ, தவறுதலாக நீக்கப்பட்டது என்று தான் நம்புவதையே அந்தத் தண்டனைக்கு உட்பட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். புகார் கொடுப்பவருக்கு எளிது, பதில் சொல்பவருக்குக் கடினம். தராசு அங்கேயே சாய்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

#8 அட்மின்அக்கா

‘ஹோஸ்டிங் நிறுவனத்திடம் போவோம்’ என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நடந்தது இது. உறுப்பினர் ஒருவர் தன் சுயவிவரப் படமாக எங்கிருந்தோ எடுத்த ஓவியத்தை வைத்திருந்தார். கட்டை விரல் நகம் அளவு. புகார் எனக்கு வரவில்லை, நேராக ஹோஸ்டிங்குக்குப் போய்விட்டது. அவர்களால் என் தளத்துக்குள் வந்து ஒரு படத்தை மட்டும் எடுக்க முடியாது, அவர்கள் கையில் இருப்பது சர்வரின் சுவிட்ச் மட்டும்தான். எனக்கு ஒரு மெயில் அனுப்பி 24 மணி நேரம் கொடுத்தார்கள். அன்று நான் பயணத்தில் இருந்தேன். இறங்கிப் பார்த்தபோது தளமே இல்லை. இரண்டு நாள் முழுக்க எல்லோருக்கும் மூடிக் கிடந்தது.

அதற்கப்புறம் செய்த மாற்றம்: தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் புகாருக்கான முகவரி இருக்கிறது. அந்த மெயில் எனக்கும் இன்னொரு மாடரேட்டருக்கும் சேர்ந்தே வரும். ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இருக்கக் கூடாது.

#9 கணினித்தும்பி

மாடரேட்டர் என்றதும் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 2017-இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தின் மீதான வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கேள்வி எழுப்பியது. பதிவுகளைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வெளியிடும் மாடரேட்டர்கள் தளத்தின் முகவர்களாகச் செயல்பட்டிருந்தால், அது ‘உறுப்பினர் போட்டது’ ஆகுமா, ‘தளமே போட்டது’ ஆகுமா? அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். தரம் பார்த்துப் பதிவைத் தேர்ந்தெடுக்கும் நல்ல மாடரேட்டர்தான் இங்கே தளத்துக்கு ஆபத்து ஆகிறார். எங்கள் தளத்தில் மாடரேட்டர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

#10 அட்மின்அக்கா

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. அப்பட்டமான திருட்டு கண்முன் இருந்தும் விட்டுவைத்தால் அப்போதும் கவசம் போய்விடும். நான் மாடரேட்டர்களிடம் சொல்வது: குப்பையை நீக்குங்கள், பளிச்சென்று தெரியும் மீறலை நீக்குங்கள், ஆனால் வரிசையில் நிறுத்தித் தேர்ந்தெடுத்து வெளியிடாதீர்கள்.

#11 பியானோவிரல்

நீக்குவதையும் மனிதர்கள் செய்யும் வரைக்கும் பரவாயில்லை. நான் பியானோ வாசித்து வீடியோ போடுகிறவள். பாக் இயற்றிய ஒரு சிறு துண்டு. பாக் 1750-இல் இறந்தவர், அவர் இசை யாருக்கும் சொந்தமில்லை. வாசித்தது என் விரல், பதிவு செய்தது என் மைக். ஒரு பெரிய வீடியோ தளத்தின் தானியங்கிச் சோதனை, யாரோ ஒரு கம்பெனியின் ஒலித்தட்டோடு என் வாசிப்பைப் பொருத்தி, அவர்களுடையது என்று சொல்லிவிட்டது. ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசித்தால் சுரம் ஒன்றாகத்தானே இருக்கும்? ஆட்சேபம் தெரிவித்தேன், அது அந்தக் கம்பெனிக்கே பரிசீலனைக்குப் போனது. முப்பது நாள் கழித்து விடுவித்தார்கள். அந்த முப்பது நாளும் நான் திருடி என்றே அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

#12 சட்டம்படித்தவன்

பியானோவிரல், உங்களுக்கு நடந்ததற்கும் டிஎம்சிஏவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தத் தானியங்கிச் சோதனை சட்டம் கேட்டது அல்ல, பெரிய தளங்கள் உரிமையாளர்களோடு தாமே செய்துகொண்ட ஏற்பாடு. அதனால் சட்டத்தில் இருக்கும் 10 முதல் 14 வேலை நாள் கணக்கு அங்கே ஓடுவதில்லை, தளத்தின் சொந்த விதிதான்.

ஐரோப்பாவில் இது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 2019 மார்ச் 26 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 348-க்கு 274 என்ற வாக்கில் புதிய பதிப்புரிமை உத்தரவை நிறைவேற்றியது. அதன் 17-ஆம் பிரிவின்படி பெரிய பகிர்வுத் தளங்கள் உரிமையாளரிடம் அனுமதி பெறத் தம்மால் முடிந்த எல்லா முயற்சியும் செய்ய வேண்டும், உரிமையாளர் விவரம் கொடுத்த படைப்புகள் தளத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் முயல வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் வந்து குவிவதை இயந்திரம் இல்லாமல் யார் சோதிப்பது? போலந்து இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. ஆனால் சட்டப்படி சரியானதையும் தவறானதையும் பிரித்தறிய முடியாத வடிகட்டி கருத்துச் சுதந்திரத்துக்கு ஒவ்வாது என்று சொன்னது. மேற்கோள், விமர்சனம், கேலிச்சித்திரம் போன்றவை பிழைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியும் இருக்கிறது. பழையவானொலி, பயப்பட வேண்டாம், உங்கள் தளம் போன்ற சிறிய, லாபமில்லாத இடங்களைக் குறிவைத்து வந்த பிரிவு இல்லை இது.

கனடாவின் வழி எனக்குப் பிடிக்கும். 2015 ஜனவரியிலிருந்து அங்கே புகார் வந்தால் இணைய நிறுவனம் அதை உறுப்பினருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நீக்கச் சொல்லிக் கட்டாயம் இல்லை. அந்த அறிவிப்பிலேயே பணம் கேட்டு மிரட்ட ஆரம்பித்தார்கள் என்பதால் 2018-இல் அதற்கும் தடை போட்டார்கள். முதலில் அந்த மனிதருக்குச் சொல், அப்புறம் மற்றது. இந்தியாவில் கணக்கு வேறு: புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படைப்பை யாரும் பார்க்க முடியாதபடி நிறுத்த வேண்டும், புகார்தாரர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டு வராவிட்டால் தளம் அதைத் திரும்பத் திறக்கலாம். நீதிமன்றத்துக்குப் போகும் பாரம் அங்கே புகார்தாரர் தலையில்.

#13 ஒளிப்படக்காரி

> நீதிமன்றத்துக்குப் போகும் பாரம் அங்கே புகார்தாரர் தலையில்

கம்பெனிக்கு அது பாரமே இல்லை. எனக்கு முடியாத காரியம். எல்லோருக்கும் ஒரே விதி எழுதும்போது சின்ன உரிமையாளர் எங்கே நிற்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. கனடா முறையில் என் மீன்கொத்தி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் பியானோவிரல் எழுதியதைப் படித்ததும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் நோட்டீஸ் அனுப்பிய நாற்பதில் ஒன்று, பறவைகளைப் பற்றிப் பாடம் எழுதிய ஒரு ஆசிரியரின் பக்கம். என் படத்தைச் சின்னதாகப் போட்டு, அலகு தண்ணீரைக் கிழிக்கும் கோணத்தை அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார். கோபத்தில் அதையும் சேர்த்தே அனுப்பிவிட்டேன். அது ஃபேர் யூஸ் ஆகுமா, அதாவது பாடம், விமர்சனம் போன்றவற்றுக்காக அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் விடும் நியாயமான பயன்பாடு ஆகுமா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அது தவறு.

#14 சட்டம்படித்தவன்

யோசிக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒரு தாய் 2007-இல் தன் குழந்தை ஆடும் 29 விநாடி வீடியோவை யூடியூபில் போட்டார், பின்னணியில் பாடகர் பிரின்ஸின் பாட்டு ஒலித்தது. யுனிவர்சல் இசை நிறுவனம் நீக்கச் சொன்னது. அவர் கவுன்ட்டர் நோட்டீஸ் கொடுத்து வீடியோவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு வழக்கும் போட்டார். 2015-இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம், நோட்டீஸ் அனுப்பும் முன் ஃபேர் யூஸ் ஆகுமா என்று பரிசீலிப்பது கடமை என்றது. வழக்கு சமரசத்தில் முடிந்தது 2018-இல். குழந்தை ஆடிய 29 விநாடிக்குப் பதினோரு வருடம்.

தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் 512-எஃப் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். 2004-இல் டீபோல்ட் என்ற வாக்குப்பதிவு இயந்திர நிறுவனம் அப்படிச் சிக்கி 1,25,000 டாலர் கட்டியது. தன் இயந்திரத்தின் குறைகளைப் பேசும் உள் மெயில்களை மாணவர்கள் வெளியிட்டதை மறைக்கப் பதிப்புரிமைப் புகாரைப் பயன்படுத்தியிருந்தது. ஆனால் இப்படி வென்றவர்கள் மிகக் குறைவு, ‘தெரிந்தே’ என்பதை நிரூபிப்பது கடினம்.

#15 சொல்தேடி

இடையில் ஒரு சின்னத் திருத்தம். இழையில் யாரும் தவறாக எழுதவில்லை, ஆனால் வெளியே பல தளங்களின் அடியில் ‘காப்புரிமை பெற்றது’ என்று பார்க்கிறேன். காப்புரிமை என்றால் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பேட்டன்ட். எழுத்து, படம், இசைக்குப் பதிப்புரிமை. பழையவானொலியின் விஷயத்தில் இந்த வித்தியாசம் முக்கியம்: அந்த சர்க்யூட்டுக்கு ஒருகாலத்தில் காப்புரிமை இருந்திருந்தாலும் அது இருபது ஆண்டு அளவில் முடிந்திருக்கும். மானுவலில் உள்ள படத்தின் பதிப்புரிமை அதைவிடப் பல மடங்கு நீளும்.

அப்புறம் ஒரு கேள்வி. மானுவலைப் போடாமல் லிங்க் மட்டும் கொடுத்தால்?

#16 கணினித்தும்பி

உரிமையாளரே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு லிங்க் கொடுப்பது மீறல் இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் சொன்னது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே லிங்க் கொடுப்பது வேறு, 2016-இல் அதையும் அதே நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. லாபத்துக்காக நடத்தும் தளம் என்றால் தெரிந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

#17 சிவப்புமை

வணக்கம். பழையவானொலி நேற்று இரவு எனக்கு எல்லாவற்றையும் எழுதினார், இந்த இழையின் லிங்க்கும் கொடுத்தார். வரைந்தது நான்தான். முழுவதும் படித்தேன்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். பெரிய சர்க்யூட் படம் முழுக்க என் பெட்டியைப் பார்த்து வரைந்தது. அடிப்பலகையைக் கழற்றி, வயர் வயராக மல்டிமீட்டரில் தொட்டு, ஆறு மாலைகள் ஆயின. கண் முன்பு போல இல்லை, அதனால் கட்டம் போட்ட தாள். மானுவலில் ஒலிக் கட்டுப்பாடு இடது பக்கம் வரைந்திருப்பார்கள், நான் வலது மேல் மூலையில் போட்டேன், கை வைத்துச் சோதிக்க எனக்கு அப்படித்தான் எளிது.

ஆனால் அதே பக்கத்தின் கீழே இன்னொரு சிறு படம் இருக்கிறது, டயல் கயிறு எந்தச் சக்கரத்தில் எப்படிப் போகிறது என்று. அது மானுவல் மேல் டிரேசிங் தாளை வைத்து வரைந்தது. அது என்னுடையது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். நோட்டீஸில் எந்தப் படம் என்று சொல்லாமல் பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இதைத்தான் சொன்னார்கள் என்றால் அவர்கள் சொன்னது சரி.

#18 ஒளிப்படக்காரி

ஐயா, இதை நீங்களாக முன்வந்து சொன்னதற்கு நன்றி. என் நாற்பது தளங்களில் ஒருவராவது இப்படி எழுதியிருந்தால் அவருக்கு நானே படத்தைக் கொடுத்திருப்பேன்.

#19 சட்டம்படித்தவன்

ஐயா, அப்படியானால் வழி தெளிவு. டயல் கயிற்றுப் படம் நீங்கியே இருக்கட்டும். பெரிய படத்துக்கு மட்டும் கவுன்ட்டர் நோட்டீஸ் கொடுங்கள். எந்தப் படம், எந்த யூஆர்எல்லில் இருந்தது, எப்படி வரைந்தீர்கள் என்று நீங்கள் இங்கே எழுதியதையே எழுதுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும், அது அப்படியே புகார்தாரர் கைக்குப் போகும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறேன் என்றும் எழுத வேண்டும். பலர் சரியாக இருந்தும் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றாலும் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டோம்.

#20 சிவப்புமை

என் முகவரியை மறைத்து வைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நான் வரைந்ததை நான் வரைந்தேன் என்று சொல்லத்தானே கேட்கிறார்கள். படிவத்தை அனுப்புங்கள்.

#21 பழையவானொலி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகார் பெறும் முகவரின் பெயரைக் காப்பிரைட் அலுவலகத்தில் பதிந்தாகிவிட்டது. ஐயாவின் கவுன்ட்டர் நோட்டீஸை அந்த அமெரிக்க நிறுவனத்தின் முகவருக்கு அனுப்பி வைத்தேன். ஒவ்வொரு காலையும் மெயிலைத் திறக்கும்போது வயிறு கலங்கியது. ஒரு பதிலும் இல்லை, வழக்கும் இல்லை. பன்னிரண்டாவது வேலை நாளில் பக்கத்தைத் திரும்பப் போட்டேன். அடியில் இருந்த பன்னிரண்டு நன்றிகளும் அப்படியே இருக்கின்றன. டயல் கயிறு படத்துக்குப் பதிலாக ஐயா தன் பெட்டியைத் திறந்து எடுத்த ஒளிப்படம் இருக்கிறது.

மீதி நாலாயிரம் பக்கங்களை நான் துழாவப் போவதில்லை. ஆனால் ஸ்கேன் செய்த மானுவல் பக்கங்கள் என்று எனக்கே தெரிந்தவை முப்பதைப் போல் இருந்தன, அவற்றை எடுத்து, போட்டவர்களுக்குத் தனித்தனியாகக் காரணம் எழுதினேன். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். ஒருவர் அந்தக் கம்பெனிக்கே எழுதி அனுமதி வாங்கி வந்துவிட்டார், நான் எதிர்பார்க்கவே இல்லை.

இனி நோட்டீஸ் எது வந்தாலும் முதலில் போகும் மெயில் உறுப்பினருக்குத்தான். பெயர், முகவரி மறைத்த நோட்டீஸ் பிரதி, எந்தப் படம், என்ன செய்யலாம், எத்தனை நாள், கவுன்ட்டர் நோட்டீஸில் என்ன விவரம் வெளியே போகும், எல்லாம் அதில் இருக்கும். அட்மின்அக்காவும் சட்டம்படித்தவனும் வரைவைத் திருத்திக் கொடுத்தார்கள்.

#22 சிவப்புமை

பக்கத்தைப் பார்த்தேன். ஒளிப்படத்தில் ஒன்று தெரியவில்லை: கயிறு டியூனிங் தண்டை மூன்று சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்றினால் வழுக்கும், முள் நகராது. பழையவானொலி, படத்துக்குக் கீழே அதை எழுதிச் சேர்த்துவிடுங்கள்.